டோடோ திரும்பி வந்தால் எங்கே தங்கும்? – வாசகர் கேள்விகளும் விடைகளும்

மொரீசியஸ் காடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருள் குறித்து வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எட்டுக் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

டோடோ பறவையை மரபணு அறிவியலின் உதவியால் மீண்டும் பிறக்கச் செய்யப் போவதாக ஓர் அமெரிக்க நிறுவனம் கூறுகிறது. அது உண்மையிலேயே முடியுமா? முடிந்தால் நம் காட்டில் டோடோ மறுபடியும் உலவுமா?
– கல்லூரி மாணவி, குவாத்ர் போர்ன்

கொலோசல் பயோசயன்சஸ் என்னும் அந்த நிறுவனம் டோடோ திட்டத்தை 2023 சனவரியில் அறிவித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளையுடன் சேர்ந்து செயற்படப் போவதாகவும் தெரிவித்தது. செய்தித்தாள்களைப் படித்தால், எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும் பறவையை எழுப்பிவிடப் போகிறார்கள் என்றே தோன்றும். நடப்பது வேறு. டோடோவுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. பறவையின் முட்டையில் கருவைச் சுற்றி மஞ்சட்கருவும் வெண்கருவும் ஓடும் இருப்பதால், ஆட்டை நகலெடுத்தது போலப் பறவையை நகலெடுக்க இயலாது. ஆகவே, பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ மாறக்கூடிய முதனிலைச் செல்களைப் புறாவின் கருவிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுக்களில் டோடோவுக்குரிய மாற்றங்களைச் செய்து, அச்செல்களைத் தாங்கி வளரும் கோழிகளின் வழியாக ஒரு புதிய பறவையைப் பெறுவதே அவர்களின் திட்டம். அரைக் கிலோ எடையுள்ள, பறக்கவல்ல புறாவின் மரபணுத் தொகுதியைத் திருத்தித் திருத்தி, பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள, பறக்கவியலாத ஒரு பறவையை நோக்கி நகர்த்த வேண்டும். அப்படிப் பிறப்பதை டோடோவின் சாயல் கொண்ட பறவை என்று சொல்லலாம். டோடோ என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒல்லாந்தர் 1598இல் இத்தீவில் இறங்கினர். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் கடைசி டோடோக் காட்சி 1662ஆம் ஆண்டுக்குரியது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குள் ஓர் இனம் துடைத்தெறியப்பட்டது. மாலுமிகள் கொன்று தின்றார்கள் என்பது கதையின் ஒரு பகுதி மட்டுமே. கப்பல்களோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றதே பெரும் காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த எலியும் பன்றியும் குரங்கும் இன்றும் நம் காட்டில் இருக்கின்றன. காடுதான் இல்லை. நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு. டோடோவை அழித்தவை அத்தனையும் வாசலில் காத்திருக்கும்போது, அதன் சாயலில் ஒரு பறவையைக் கொண்டுவந்து எங்கே விடுவது?

இந்த முயற்சியின் பெயரால் வரும் பணமும் கவனமும் எலிகளை ஒழிப்பதற்கும் அயல்தாவரங்களைக் களைவதற்கும் பயன்படுமானால் நான் மகிழ்ச்சியோடு வரவேற்பேன். ஆயினும், டோடோவைப் பற்றி நான் பெரிதும் வியந்த ஆராய்ச்சி வேறொன்று. டோடோவின் எலும்புகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த டெல்ஃபின் ஆங்ஸ்ட் குழுவினர் 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆகஸ்டு வாக்கில் முட்டையிட்டிருக்க வேண்டும். குஞ்சுகள் புயற்காலம் தொடங்கும் முன்னரே விரைந்து வளர்ந்திருக்க வேண்டும். புயல் ஓய்ந்த மார்ச்சு வாக்கில் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைத்திருக்க வேண்டும் என்று அந்த எலும்புகள் காட்டின. நம்மைப் போலவே புயலை எண்ணி ஆண்டைக் கணக்கிட்டு வாழ்ந்த பறவை அது. மந்தமான பறவை என்று நாம் கற்பித்த பெயர் அதற்குச் சிறிதும் பொருந்தாது.

எங்கள் முற்றத்தில் மூன்று லெச்சி (லிச்சி) மரங்கள் உள்ளன. பழம் சிவக்கத் தொடங்கியதும் வௌவால்கள் வந்து ஒரு குலையைக்கூட விட்டுவைப்பதில்லை. அவற்றைக் கொல்லக்கூடாது என்று எழுதுகிறீர்கள். எங்கள் இழப்பை யார் ஈடுசெய்வது?
– வாசகர், பாம்ப்லெமூஸ்

உங்கள் வருத்தம் நியாயமானது. மரத்தை ஆண்டு முழுவதும் பார்த்துக் காத்து, விடிந்ததும் அதனடியில் கடித்துத் துப்பிய தோலும் கொட்டையும் கிடக்கக் காண்பது எப்படியிருக்கும் என்பதை அறிவேன். எங்கள் தாத்தா வீட்டு மரமும் அப்படித்தான் இருந்தது. எனவே வௌவால் உங்கள் பழத்தைத் தின்னவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. கொல்வதால் பழம் மிஞ்சுமா என்பதை மட்டும் பார்ப்போம்.

இதற்கு விடை காணும் வாய்ப்பு, துயரமான வகையில், நமக்கே கிடைத்தது. 2015இல் அரசு ஏறத்தாழ 30,000 பழந்தின்னி வௌவால்களைச் சுட்டுக் கொல்லச் செய்தது. 2016இலும் 2018இலும் மீண்டும் கொன்றார்கள். உலகில் இந்த இனம் வாழ்வது மொரீசியசிலும் ரியூனியனிலும் மட்டுமே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் இதனைத் தன் சிவப்புப் பட்டியலில் ‘அழியத்தக்க நிலை’யிலிருந்து ‘அழியும் ஆபத்து’ என்னும் மேலும் கடுமையான நிலைக்கு மாற்றியது. இத்தனைக்குப் பிறகு பழ விளைச்சலில் நேர்ந்த மாற்றம் என்ன? மொரீசியஸ் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் ஃப்ளோரன்சும் மொரீசியஸ் உலர்தாவரச் சேகரிப்பகத்தின் கிளாடியா பைதரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் படுகொலைகளால் பழம் பயிரிடுவோரின் வருமானம் உயரவில்லை என்று காட்டியது. நஞ்சு கொடுத்தும் நோய் தீராத கதை இது.

காரணங்கள் பல. பழத்தைக் கெடுப்பது வௌவால் மட்டுமன்று. காற்றும் எலியும் கிளியும் மைனாவும் கொண்டே என்று நாம் அழைக்கும் குருவியும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. (கொண்டே என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அதன் தலையிலுள்ள கொண்டைதான் எனக்கு நினைவுக்கு வரும்.) வௌவால் இரவில் உண்பதாலும், உண்ணும்போது கூச்சலிடுவதாலும், பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. மேலும் இது வீடுகட்டி ஓரிடத்தில் தங்கும் உயிரன்று. சூரிய ஒளியில் மின்னூட்டம் பெறும் சிறு கருவிகளை வௌவால்களின் மேல் பொருத்தி, ரிஷார்ட் ஒலெக்சியும் குழுவினரும் நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே வௌவால் தீவின் பல மூலைகளிலும் இரை தேடித் திரிவது அதனால் தெளிவாயிற்று. உங்கள் ஊரில் நூறு வௌவாலைச் சுட்டால் வேறோர் ஊரின் நூறு வந்து அந்த மரத்தில் தொங்கும்.

பயன் தருவது வலை. ஆனால் முப்பது அடி உயரமுள்ள பழைய மரத்துக்கு வலை போடுவது எளிதன்று. அறுவடை முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் மரத்தைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஒருவரே ஏணி வைத்து வலை கட்டிவிடலாம். வலையின் கண்கள் சிறியனவாகவும் வலை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டதாகவும் இருக்கட்டும். தளர்ந்து தொங்கும் வலையில் வௌவாலும் பறவையும் சிக்கி மடியும். மானிய விலையில் வலை தரும் திட்டங்கள் இருந்துவந்துள்ளன. உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் இவ்வாண்டு நிலவரத்தைக் கேட்டறியுங்கள்.

வௌவால் ஏன் நமக்கு வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய கொட்டையுள்ள காட்டுப் பழங்களை விழுங்கியும் சுமந்தும் விதைத்துவந்த டோடோவும் பேராமைகளும் பருத்த அலகுக் கிளியும் இத்தீவில் அழிந்துவிட்டன. மூன்று வகைப் பழந்தின்னி வௌவால்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அதுவும் ஆண்டுக்கு ஒரே குட்டியை ஈனுவது. சுடுவது பழக்காலத்தில், குட்டி தாயின் மார்பைப் பற்றிக்கொண்டிருக்கும் நாள்களில். காட்டின் கடைசித் தோட்டக்காரனை நாம் சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நான் மனமார நம்புகிறேன்.

இந்த வௌவால் ரியூனியனிலும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த நினைவில்லையே?
– வாசகர், சேந்த் ஆந்த்ரே, ரியூனியன்

உங்கள் நினைவு சரியே. வேட்டையாலும் காடழிப்பாலும் உங்கள் தீவில் அது நெடுங்காலத்துக்கு முன்பே இல்லாதொழிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டில் ஒரு சிறு கூட்டம் மீண்டும் அங்கே தென்பட்டது. இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புயற்காற்று துணை செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. யாரும் கொண்டுவந்து விடாமல் தானாகவே தன் பழைய வீட்டைத் தேடி வந்த உயிர் அது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கங்கா தலாவு புனிதக் குளத்துக்குச் செல்லும்போதெல்லாம் அங்குள்ள குரங்குகளுக்கு வாழைப்பழமும் தேங்காயும் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். அனுமனின் இனம் என்பதால் புண்ணியம் என்று மாமியார் சொல்கிறார். மகனோ தீங்கு என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, ரோஸ் ஹில்

உயிர்களிடம் இரங்கும் உங்கள் மாமியாரின் மனம் உயர்ந்தது. மகன் சொல்லும் செய்தி உண்மையானது. நீள்வால் குரங்கு என்னும் அந்த இனம் தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கப்பல்களில் ஏறி இங்கே வந்து சேர்ந்தது. குரங்கே இல்லாமல் உருவான காட்டில், அதற்கு அஞ்சவும் ஒளியவும் கல்லாத பறவைகளும், அதன் கைக்குத் தப்பும் வழியறியாத மரங்களும் இருந்தன. முட்டையையும் குஞ்சையும் எடுத்துத் தின்பதோடு, காய்கள் பழுக்கும் முன்னரே பறித்துக் கடித்து எறிந்துவிடுவது அதன் இயல்பு.

இதுபற்றி ரஃபாயேல் ரைனெகரும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வை முன் கேள்வி கேட்ட பாம்ப்லெமூஸ் வாசகரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். காட்டு மரங்களின் காய்கள் கனியும்வரை வௌவால் காத்திருக்கிறது, குரங்கு காத்திருப்பதில்லை. வௌவாலுக்கு உரிய பழம் அது வந்து சேர்வதற்குள் குறைந்துபோகிறது என்பதே அவர்கள் கண்டது. காட்டில் பசித்த வௌவால் எங்கே போகும்? லெச்சி மரத்தைத் தேடி ஊருக்குள் வரும். அதனால் நாம் குளக்கரையில் நீட்டும் வாழைப்பழத்துக்கும் வேறோர் ஊரில் சுடப்படும் வௌவாலுக்கும் இடையே ஒரு மெல்லிய தொடர்பு இருக்கிறது.

குரங்கை வெறுக்கச் சொல்லவில்லை. தான் வந்த வழியை அது தேர்ந்தெடுக்கவில்லை. அதன் தாயகத்திலேயே இந்த இனம் குறைந்து வருவதால், 2022இல் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவற்றோடு சேர்க்கப்பட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. நாம் உணவு கொடுத்தால் அதன் தொகை பெருகும். மனிதரைக் கடிக்கும் பழக்கமும் வரும். சுவாமிக்குப் படைத்த பழத்தை உடன் வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். அதனால் மாமியாரின் மனமும் நோகாது.

1974இல் மொரீசியஸ் வல்லூறுகள் நான்கே நான்கு இருந்தனவாம். இன்று நூற்றுக்கணக்கில் உள்ளன. இளஞ்சிவப்புப் புறாவும் அப்படியே பெருகியிருக்கிறது. அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், போ பாசேன்

நான்கு என்ற எண்ணிக்கை உண்மை. மலேரியாவை ஒழிக்கவும் பயிரைக் காக்கவும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி இரையின் வழியாக வல்லூறின் உடலில் சேர்ந்தது; காடு சுருங்கியது; குரங்கும் கீரியும் கூடுகளைக் கெடுத்தன. கோழி தின்னி என்று பெயர் சூட்டிச் சுட்டும் வந்தார்கள். அது பெரும்பாலும் தின்பது மரத்தில் ஓடும் பச்சைப் பல்லிகளை என்பது கொன்றவர்களுக்குத் தெரியவில்லை.

1979இல் இங்கு வந்த வேல்சு நாட்டு உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், கோழி வளர்ப்போர் அனைவரும் அறிந்த ஒரு சிறு உண்மையைப் பயன்படுத்தினார். முட்டைகளை எடுத்துவிட்டால் பறவை மறுபடியும் இடும். முதலில் இட்டவற்றை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்துவிட்டு, அடுத்து இடுபவற்றைத் தாயிடமே விட்டுவிட்டால், ஓராண்டில் ஈராண்டுப் பலன் கிடைக்கும். அதனோடு கூட்டுப் பெட்டிகள், கூடுதல் உணவு, கீரிகளைப் பிடித்தல் என்று பொறுமையான வேலை பல ஆண்டுகள் நடந்தது. இதற்காகவும் மற்ற பறவைகளை மீட்டதற்காகவும் அவருக்கு 2016இல் இண்டியானாபொலிஸ் பரிசு வழங்கப்பட்டது. இவ்வளவையும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்ட பிறகே, ஆபத்து நீங்கவில்லை என்ற விடைக்கு வருகிறேன். எண்ணிக்கை மீண்டும் தாழ்ந்ததால் 2014இல் வல்லூறு மறுபடியும் ‘அழியும் ஆபத்து’ நிலைக்குத் தள்ளப்பட்டது.

காரணங்களில் ஒன்று வெளியில் உள்ளது. வசந்த மாதங்களில் மழைநாள்கள் கூடியதால் வல்லூறு கூடுகட்டுவது தாமதமாகி, குஞ்சுகள் கடும் மழைக்காலத்தில் சிக்குகின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. பயிர்நிலம் சூழ்ந்த இடத்தில் பிறந்த பெட்டைகள் இளமையிலேயே இனப்பெருக்கத்தில் முனைந்து விரைவில் மடிகின்றன என்று 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. பிறந்த இடத்தின் குறை வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது.

மற்றொரு காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு இளஞ்சிவப்புப் புறா சிறந்த எடுத்துக்காட்டு. 1990ஆம் ஆண்டு வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்துப் புறாக்களே எஞ்சியிருந்தன. இன்று நானூற்றுக்கும் மேல். 2018இல் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைக்கவும்பட்டது. நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுத்துப் பெண்கொடுத்தால், மறைந்திருக்கும் நோய்க்கூறுகள் பிள்ளைகளிடம் வெளிப்படும் என்பதை மருத்துவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றுள்ள புறாக்கள் அத்தனையும் ஒரு கைப்பிடி முன்னோரின் வழிவந்தவை. அங்கே சொந்தமல்லாத மணம் என்பதே இல்லை. ஹெர்னான் மொராலெஸ், காக் வான் ஊஸ்டர்ஹவுட் ஆகியோரை உள்ளிட்ட குழு இப்புறாவின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. எண்ணிக்கை பெருகிய ஆண்டுகளிலும் மரபுப் பன்மை தொடர்ந்து தேய்ந்திருக்கிறது. தீய மரபணு மாற்றங்களின் சுமை மிக அதிகம். ஒன்றும் செய்யாவிட்டால் 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இந்த இனம் காட்டிலிருந்து மறையக்கூடும். ஆறுதலும் அதே ஆய்வில் உண்டு. வெளிநாட்டு உயிர்க்காட்சிச் சாலைகளில் வளரும் புறாக்களிடம், இங்கே தொலைந்துபோன மரபுக்கூறுகள் சில எஞ்சியுள்ளன. அவற்றின் வழிவந்தவற்றைக் காட்டில் கலக்கச் செய்தால் சுமை குறையும்.

வல்லூறைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சேர்க்கிறேன். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய வல்லூறு உடல்களின் மரபணுவை இன்றைய பறவைகளின் மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளியானது. முன்பு செழித்திருந்த மரபுப் பன்மையில் பெரும்பகுதி அந்த நான்கு பறவைகளோடு சுருங்கிப்போனதை அது காட்டியது. பறவையைத் திரும்பப் பெற்றோம். அது தன்னுள் கொண்டிருந்ததைத் திரும்பப் பெறவில்லை.

டோடோ விழுங்கிக் கழித்தால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் கற்பிக்கிறார்களா?
– வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அறிஞர் முன்வைத்த கருத்து அது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட முதுமரங்கள் பதின்மூன்று மட்டுமே எஞ்சியிருப்பதாகவும், டோடோ அழிந்தபின் ஒரு விதையும் முளைக்கவில்லை என்றும் அவர் எழுதினார். அழகான கதை என்பதால் உலகெங்கும் பரவியது. ஆனால் அது சரியன்று. அம்மரத்தின் விதை எதன் வயிற்றுக்குள்ளும் போகாமலே முளைப்பதுண்டு. மரங்களும் பதின்மூன்றைவிட மிக அதிகம். டோடோ அழிந்த பின் முளைத்த இளைய மரங்களும் அவற்றில் உண்டு. விட்மரும் சீக்கும் 1991இல் இக்கருத்தை விரிவாக மறுத்தார்கள். நாற்றுகள் அருகியிருப்பதற்குக் குரங்கும் மானும் பன்றியும் அயல்தாவர நெருக்கமுமே பெரிதும் காரணம். கற்பனையான ஒரு காரணம் பழியைச் சுமந்துகொண்டதால், கண்ணெதிரே இருந்த காரணங்கள் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போயின. எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான்.

மாணவர்களை ஈல் ஓ செக்ரெட் தீவுக்கு அழைத்துச் செல்கிறோம். அங்குள்ள பேராமைகள் மொரீசியஸ் ஆமைகள் அல்ல என்று கேள்விப்பட்டேன். அயல் இனங்களைக் களைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அயல் ஆமையைக் கொண்டுவந்து விடுவது முரண் இல்லையா?
– தமிழ் ஆசிரியை, மாஹேபூர்

மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு அவர்களைச் சிந்திக்க வையுங்கள். நல்ல பாடமாக அமையும். மொரீசியசுக்கே உரிய இரண்டு வகைப் பேராமைகள் இருந்தன. கப்பல்களில் உயிருள்ள இறைச்சியாக ஏற்றப்பட்டு இரண்டும் அழிந்தன. அத்துடன் அவை செய்துவந்த வேலையும் நின்றது. 26 எக்டேர் பரப்புள்ள அந்தச் சிறு தீவில் கருங்காலி மரங்கள் இருந்தன. ஒல்லாந்தர் காலம் தொட்டு வெட்டியும் விறகாக்கியும் அழித்தபின், மரம் அழிந்த பகுதிகளில் அவை மீண்டும் பரவவில்லை. பழம் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடந்தது. கொண்டுசெல்ல யாருமில்லை.

2000ஆம் ஆண்டு முதல், சீஷெல்சு நாட்டின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்த பேராமைகள் அங்கே விடப்பட்டன. கருங்காலிப் பழத்தை அவை விரும்பித் தின்றன. வெகுதூரம் நடந்து சாணமிட்டன. அந்தச் சாணத்தில் கருங்காலி நாற்றுகள் கூட்டம் கூட்டமாக முளைத்தன. ஆமையின் குடல் வழியே சென்ற விதைகள் மற்றவற்றைவிட நன்றாக முளைத்ததையும் கிரிஃபித்ஸ், ஹான்சன், ஜோன்ஸ் முதலானோர் 2011இல் வெளியிட்டனர். ஓர் உயிர் அழிந்த பின்னும் அதன் தொழிலை அதன் உறவினரிடம் ஒப்படைக்க முடியும் என்று உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டிய இடங்களில் ஒன்று நம் மாஹேபூர் கரைக்கு எதிரே இருக்கிறது என்பதை மாணவர்களுக்கு மறவாமல் சொல்லுங்கள்.

அயலிலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஓர் உயிரைத் தீயதென்று யாரும் ஒதுக்குவதில்லை. இங்கே வந்து அது என்ன செய்கிறது என்பதையே பார்க்க வேண்டும். உப்பும் மிளகாயும் தொட்டு நாம் விரும்பித் தின்னும் சீனக் கொய்யா காட்டுக்குள் புகுந்து, பிற செடிக்கு வெளிச்சமே எட்டாதபடி அடர்ந்துவிடுகிறது. அத்தகைய அயல்தாவரங்களைக் களைந்த காட்டுப் பகுதிகளையும் களையாத பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. களையாத இடங்களில் இத்தீவுக்குரிய மரங்கள் குறைவாகவே பூத்துக் காய்த்தன. களைந்தால் காய்ப்பு கூடும். காய்த்தால் வௌவாலுக்கும் கிளிக்கும் புறாவுக்கும் உணவு. ஆமையோ விலகிப்போன விதையையும் மண்ணையும் மீண்டும் சேர்த்து வைக்கிறது. எளிதில் கண்காணிக்கக்கூடிய, தேவைப்பட்டால் எளிதில் பிடித்து அகற்றக்கூடிய விலங்கு என்பதையும் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் தாழைப் புதர் ஒன்று உள்ளது. அதில் பச்சைப் பல்லிகள் நிறைய இருக்கின்றன. புதரை வெட்டிவிடச் சொல்கிறார்கள். பல்லிகளால் ஏதேனும் நன்மை உண்டா?
– வாசகர், வாக்வா

ஊரின் பெயரிலேயே தாழையை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்களே! வாக்வா என்பதே தாழைதானே. கூடை முடையும் தாழை வெளியிலிருந்து வந்தது. ஆனால் இத்தீவுக்கே உரிய தாழை வகைகள் ஏறத்தாழ இருபது உண்டு. முள் நிறைந்த அந்த இலைகளுக்கிடையில் பச்சைப் பல்லிகள் பாதுகாப்பாக ஒளிந்து வாழ்கின்றன. பல்லி விழும் பலன் பார்க்கும் நமக்கு, பல்லி பூக்களுக்குத் தரகு வேலை செய்வது புதிய செய்தியாக இருக்கும். நம் தேசிய மலரின் நெருங்கிய உறவான ஒரு டிரோகெட்டியா செடியை டென்னிஸ் ஹான்சன் ஆராய்ந்து 2007இல் எழுதினார். தாழைப் புதரின் அருகில் நின்ற செடிகளுக்கே பல்லிகள் அடிக்கடி தேன் குடிக்க வந்தன. அச்செடிகளே மிகுதியாகக் காய்த்தன. தாழைக்கும் அந்தச் செடிக்கும் நேரடி உறவு ஒன்றுமில்லை. இடையில் ஓடும் பல்லியே உறவு.

ரூசியா என்னும் இத்தீவுக் கொடிக்கு மகரந்தம் சுமப்பதும் விதை பரப்புவதும் நீலவாற் பல்லி ஒன்றுதான். வெளியிலிருந்து வந்த வெண்கால் எறும்பு அதன் பூக்களில் மாவுப்பூச்சிகளை மேய்த்துக்கொண்டு, நெருங்கும் பல்லிகளைத் தாக்கி விரட்டிவிடுகிறது. அதனால் கொடி காய்ப்பது குறைகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே புதரை வெட்ட வேண்டாம். அது உள்நாட்டுத் தாழையாக இல்லாவிட்டாலும் பல்லிக்கு வீடு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மடகாஸ்கரைச் சேர்ந்த பெரிய பச்சைப் பல்லி, வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பி, இப்போது தீவின் பல இடங்களில் பரவி நம் பல்லிகளைத் தின்றுவருகிறது. இரண்டுக்கும் முதுகில் சிவப்புப் புள்ளிகள் இருப்பதால் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். நீளத்தைப் பாருங்கள். நம்முடையது ஒரு சாணுக்குள் அடங்கும். மடகாஸ்கர் பல்லி ஒரு சாணையும் தாண்டும். அப்படி ஒன்றைக் கண்டால் அடிக்காமல், தெளிவான படம் ஒன்று எடுத்து, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, தேசியப் பூங்காக்கள் மற்றும் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்புங்கள்.